என் மகன் இன்னும் எங்கும் சேரவில்லை

ஜெரோம்,

நீ செங்காங்கில் இருக்கிறாய், நான் குவீன்ஸ்டவுனில் இருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு ரயில் மாற வேண்டும். இந்தத் தூரத்துக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று உன் அப்பா கேட்டார். போன் எடுக்காத பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வதாம் என்றேன். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று வாரமாகிறது நீ என்னோடு பேசி. "சாப்டியா" என்று அனுப்பினால் ஒரு கட்டைவிரல் மட்டும் வருகிறது. அவ்வளவு கோபத்திலும் கட்டைவிரல் அனுப்பத் தவறாத பிள்ளையைப் பெற்றிருக்கிறேனே என்று ஒருநாள் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரித்துவிட்டு அழுதேன், அது வேறு விஷயம்.

இது உனக்கு எழுதுவதுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்க வேண்டும் என்றுதான் ஒட்டாத உறையில் வைக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். புத்தி வந்து, மனம் திருந்தி எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒருத்தி மேல் இருபத்திரண்டு வருஷமாக வைத்திருக்கிற ஆத்திரம் அது. உனக்கு அவளைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் படிக்கிற ஸ்டெல்லா ஆன்ட்டி. வெள்ளைப் புடவை, மூன்றாவது வரிசை, கணீரென்ற குரல். எப்போதும் உன்னைப் பார்த்துச் சிரிப்பாள், நீயும் சிரிப்பாய். நீ சிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று இதுவரை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்போது உனக்கு நாலு வயது. நான் மருத்துவமனையில் ஹெல்த் அட்டெண்டன்டாக இருந்தேன். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது என்று நாள் முழுக்க நின்றபடி வேலை. வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் இந்த ஸ்டெல்லா. இப்போது நர்ஸ் மேனேஜர் என்கிறீர்களே, அந்த வேலை. அப்போது நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். நான் ஊரில் படிப்பைப் பாதியில் விட்டுக் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவள். ஆனாலும் எப்படியாவது நர்ஸாகிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்கு ஓடுவேன். உன்னை அப்பா பார்த்துக்கொள்வார். இரண்டு வருஷம் அப்படிப் படித்து, பள்ளிப் படிப்பை முடிக்கிற ஓ லெவல் பரீட்சை எழுதினேன். முடிவு வருவதற்குள் மருத்துவமனையிலேயே ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அட்டெண்டன்டுகளில் சிலரை என்ரோல்ட் நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்களாம். பரீட்சை முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தை நான் நாலு தடவை படித்தேன். படிவத்தில் வார்டு சிஸ்டரின் கையெழுத்து வேண்டும்.

பேன்ட்ரியில் வைத்துத்தான் கொடுத்தேன். தேநீர் நேரம், உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். "ரிசல்ட்டே வரல. படிச்சு முடிக்காம அப்ளிகேஷனா? முதல்ல பாஸ் பண்ணும்மா, அப்புறம் நர்ஸாகலாம்" என்றாள். யாரோ சிரித்தார்கள். கீழே போட்டிருக்கிறது சிஸ்டர் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "சரி, வச்சிட்டுப் போ" என்றுவிட்டாள். வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் போனது. கடைசித் தேதியும் போனது. கேட்கப் பயம். பிறகு ஒரு காலையில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கப் போனபோது பேன்ட்ரி சுவரில் கிளிப்பில் ஒரு தாள் தொங்கியது. யார் யாருக்கு என்ன உணவு என்று அவள் கையெழுத்தில் எழுதிய பட்டியல். ஒன்பதாம் பெட்டுக்குச் சர்க்கரை கூடாது, பதினொன்றுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, பதினாலுக்குக் கஞ்சி. காற்றில் தாள் திரும்பியது. மறுபக்கத்தில் என் பெயர், என் கையெழுத்து, நான் ஒட்டிய போட்டோ. வேண்டாத காகிதத்தின் பின்பக்கத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் பழக்கம் அந்த வார்டில் இருந்தது. நல்ல பழக்கம்தான். அந்தக் காகிதம் என் விண்ணப்பமாக இருந்ததுதான் கேடு.

மாலையில் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு உன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற அதே கோப்பில் பத்திரப்படுத்தினேன். ஒருநாள் நீ அந்தக் கோப்பை இழுத்துப் போட்டு, அந்தத் தாளில் பச்சை பென்சிலால் டைனோசர் வரைந்தாய். அன்றுதான் உன்னை முதன்முதலாக அடித்தேன். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. எதற்கு அடி விழுந்தது என்றே தெரியாமல் நீ என்னைப் பார்த்தாய். டைனோசர் இன்னும் அதில் இருக்கிறது, பாதி அழித்தபடி. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க வேண்டிய முதல் மன்னிப்பு அது.

இன்னொன்றும் உண்டு, அதை உன் அப்பாவுக்குக்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. என் பரீட்சை முடிவு வந்தது. நான் பாஸ். கணக்கில்கூடப் பாஸ். அடுத்த வருஷம் அதே அறிவிப்பை மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை யாரும் என்னைப் பார்த்து முடிக்காதவள் என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் நான் படிவம் வாங்கவே இல்லை. அவள் முன்னால் போய் இன்னொரு தடவை கையெழுத்துக் கேட்க மாட்டேன் என்ற வீம்பு. கேட்காமல் இருப்பதே அவளுக்குத் தண்டனை என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட புத்திசாலி பார் உன் அம்மா. அவள் பாட்டுக்குப் பதவி உயர்ந்து போனாள். நான் அந்த மருத்துவமனையை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போய், இன்றைக்கும் அட்டெண்டன்டாகவே இருக்கிறேன். என்னை நர்ஸாக விடாமல் செய்தவள் ஸ்டெல்லா என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வருஷத்துக்கு அது உண்மை. மற்ற வருஷங்களுக்கெல்லாம் நானே பொறுப்பு.

குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்து இந்தப் பங்குக் கோவிலுக்கு வந்த முதல் ஞாயிறே அவளைப் பீடத்தில் பார்த்தேன். வேறு கோவிலுக்குப் போகலாம் என்றார் அப்பா. நான் ஏன் போக வேண்டும்? அன்றிலிருந்து சமாதானம் சொல்லிக் கைகூப்புகிற நேரத்தில் அவள் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காகவே இடம் பார்த்து உட்கார்ந்தேன். அவள் திரும்பிச் சிரித்தால் என்னைக் கேலி செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நீ வளர வளர என் கணக்கெல்லாம் உன் மேல் வந்தது. தொடக்கப்பள்ளி முடிவு வந்தபோது நான் முதலில் நினைத்தது அவள் காதுக்கு எப்படிப் போகும் என்பதைத்தான். உயர்நிலைப்பள்ளி முடித்துவிட்டு நீ சமையல் கலை படிக்கவா என்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் நர்ஸிங்குக்கே போகிறேன் என்றாய். நீயாக விரும்பிப் போனதாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

நல்ல வேளை, கடவுள் உனக்கென்று ஒன்றை அதற்குள்ளேயே வைத்திருந்தார். பாலிடெக்னிக் படிக்கும்போது ஆபரேஷன் தியேட்டருக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாய். சாப்பிடும்போது சொன்னாய்: "எல்லாரும் வயித்தையே பாத்துட்டு இருந்தாங்கம்மா. மயக்க மருந்து குடுக்கிறவர் ஒருத்தர் மட்டும்தான் அந்த ஆளோட முகத்தப் பாத்துட்டு இருந்தாரு. கடைசி வரைக்கும்." நீ சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாய். எனக்கு அது நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே அந்த வேலை டாக்டர்களுடையது, நர்ஸ்கள் கூட நின்று உதவுவதோடு சரி. அமெரிக்காவில் நர்ஸ்களே அதற்கென்று தனியாகப் படித்து அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று நீயாகத் தேடிக் கண்டுபிடித்தாய். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்து, பகுதி நேரமாகப் பட்டப்படிப்பும் தொடங்கினாய். எல்லாம் அந்த ஒரு முகத்துக்காக.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன். ஸ்டெல்லா ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கிறாள். பச்சைத் துணி போர்த்தியிருக்கிறது. பயந்துபோய் மேலே பார்க்கிறாள். தலைமாட்டில் நீ நிற்கிறாய். "யாருன்னு தெரியுதா? நான் அவங்க பையன்" என்கிறாய். அவள் பதில் சொல்வதற்குள் மருந்து ஏறிவிடுகிறது. அதற்கு மேல் நான் நினைக்க மாட்டேன். அந்தப் பயத்தோடு அவள் தூங்கிப் போனால் எனக்குப் போதும். பஸ்ஸில், துணி காயப்போடும்போது, ஜெபமாலை சொல்லும்போதுகூட இதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வாய் தவறி உன்னிடம் சொல்லியும்விட்டேன். "அம்மா, நான் அமெரிக்கா போறேன். அவங்க ஆபரேஷனுக்கு பிளேன் ஏறியா வருவாங்க?" என்று நீ சிரித்தாய். வந்தாலும் வருவாள் என்றேன்.

இந்த வருஷம்தான் விண்ணப்பப் பேச்சு வந்தது. உனக்குப் பட்டப்படிப்பில் கடைசி செமஸ்டரும் அதில் ஓர் ஆராய்ச்சிப் பாடமும் பாக்கி. "முடிக்காம அப்ளை பண்ணலாமாடா?" என்று நான் மூன்று தடவை கேட்டேன். நீ மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாய். கடைசி ஆண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், இடம் கொடுத்தால் நிபந்தனையோடு கொடுப்பார்கள், முதல் வகுப்புக்கு முன் பட்டம் கையில் இருக்க வேண்டும், ஐசியூவில் ஒரு வருஷம் முழுதாக வேலை பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாதமே ஐசியூவுக்குப் போக மாற்றல் கிடைத்துவிட்டது, ஆகவே வருஷக் கணக்குச் சரியாக வரும் என்றாய். எனக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. முடிக்காதவர்களும் விண்ணப்பிக்கலாம். அதே வரி. இருபத்திரண்டு வருஷம் கழித்து அதே சின்ன எழுத்து என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தது.

நீ இன்னும் ஒரு பக்கம்கூட அனுப்பியிருக்கவில்லை. நான் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். பூசையை யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று கருத்து வாசிக்கக் கொடுக்கும் சீட்டு இருக்கிறதல்லவா, அதில் மூன்று கட்டம் இருக்கும். இறந்தவர்களுக்கு ஒன்று, வேண்டுதலுக்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று. வேண்டுதலில்தான் குறி போட வந்தேன். பேனாவை எடுத்ததும் மூன்றாவது வரிசை கண்ணில் வந்தது. மகனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவள் முன்னால் கெஞ்ச வேண்டுமா என்று தோன்றியது. நன்றியில் போட்டேன். "அமெரிக்காவில் மயக்க மருந்துத் துறையில் உயர்கல்விக்கு ஜெரோமுக்கு இடம் கிடைத்ததற்கு நன்றியாக" என்று எழுதினேன். ஞாயிறன்று சாமியார் அதை வாசித்தபோது ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடி இருக்கிறதே, ஜெரோம், நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வெளியே வந்ததும் அவள் கம்பை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஜெரோம் அம்மா, ரொம்ப சந்தோஷம்லா. டிகிரி முடிச்சிட்டாரா?" என்றாள். வேறு எதைக் கேட்டிருந்தாலும் சும்மா இருந்திருப்பேன். "எல்லாம் முடிஞ்சிருச்சு. சீட்டும் கையில வந்திருச்சு" என்றேன். அதுவும் போதாதென்று அந்தக் கருத்து அச்சான பூசை அறிவிப்புத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். நாள் முழுக்க யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து நீ வேலை முடிந்து வந்து, காலணிகூடக் கழற்றாமல் நின்றாய். "ஐசியூ போச்சும்மா. போகப்போற ஆளுக்கு எதுக்குன்னு வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க" என்றாய். அப்புறம் "ஏம்மா?" என்று கேட்டாய். பதிலுக்கு நான் என்ன சொன்னேன்? "அந்த ஸ்டெல்லாதான் போட்டுக் குடுத்திருப்பா" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு செங்காங்கில் உன் பாலிடெக்னிக் நண்பனின் வீட்டுக்குப் போய்விட்டாய். நீ போனதற்குப் பிறகும் எனக்கு உன்மேல் வருத்தம் வரவில்லை, என்மேலும் வரவில்லை. முழுக் கோபமும் அவள்மேல்தான். மறுநாள் அந்தக் கோப்பிலிருந்து தாளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு புக்கிட் மேராவுக்கு, அவள் வீட்டுக்கே போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து மலர்ந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதாம், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். உட்காரச் சொல்லி மைலோ கலந்தாள். நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது என் கையெழுத்துதான்" என்றாள். திருப்பினாள். என் பெயரை வாய்விட்டுப் படித்தாள். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க அந்த வார்டுலயா இருந்தீங்க? கோயில்ல பாத்துத்தான் பழக்கம்னு நெனச்சேனே" என்றாள். நீங்க என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு என்னை நினைவே இல்லை. இத்தனை வருஷமும் என்னைப் பார்த்து அவள் சிரித்தது வெறும் சிரிப்புதான். நான் முகத்தைத் திருப்பியதைக்கூட அவள் கவனித்திருக்க மாட்டாள். நான் பேன்ட்ரியில் நடந்ததைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "செஞ்சிருப்பேன். அப்ப நான் அப்படித்தான் இருந்தேன். ஆனா சத்தியமா ஞாபகம் இல்ல" என்றாள். பிறகு தாளை மறுபடி திருப்பி அந்தப் பட்டியலைப் பார்த்தாள். முகம் இளகியது. "பெட் பதினாலு! அந்த மலாய்த் தாத்தா, பாக் சிக். கஞ்சியில இக்கான் பிலிஸ், அந்த நெத்திலிக் கருவாடு போட்டாத்தான் வாயத் திறப்பாரு" என்றாள்.

கஞ்சி குடித்தவரை நினைவிருக்கிறது. அந்தக் கஞ்சியை ஒவ்வொரு ஸ்பூனாக அவருக்கு ஊட்டியவளை நினைவில்லை. ஸாரி என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகத்தான் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு ஸாரியும் ஒரு மைலோவும். மைலோவைக் குடித்தேன். நன்றாக வேறு இருந்தது, அது இன்னும் எரிச்சல். உன் விஷயத்தை ஏன் மருத்துவமனைக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவள் ஒன்றும் புரியாமல் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. என் ஸ்டேட்டஸைத்தான் யாரோ கோவில் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள், உன் வார்டில் வேலை பார்க்கிறவர்கள் வரை எல்லோரும் பார்த்தது அதைத்தான். "டிகிரி முடியலன்னா ஏன் முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். "உங்களுக்காகத்தான் சிஸ்டர்" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறமும் உனக்கு எழுதுகிற எண்ணம் எனக்கு வரவில்லை. போன சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது உன்னோடு வேலை பார்க்கிற கவிதாவைப் பார்த்தேன். அந்தப் பெண்தான் சொன்னாள். "மேனேஜர் அவனக் கூப்பிட்டு நேராவே கேட்டாங்க ஆன்ட்டி, சீட் கிடைச்சது உண்மையான்னு. அவன் ஒண்ணுமே சொல்லல லா. இன்னும் அப்ளையே பண்ணலன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு நான் திட்டினேன். எங்கம்மா பொய் சொன்னாங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டான்." ஐசியூவில் இன்னோர் இடம் காலியாகிறதாம், மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம், நீ கொடுக்க மறுக்கிறாயாம். மீன்காரர் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அங்கேயே, அந்த ஈரத் தரையில் நின்று அழுதேன்.

என் மானத்தைக் காப்பாற்ற நீ வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய். எனக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரியும், ஜெரோம். மறுபடி போய்க் கேட்க மாட்டேன் என்று ஒருத்தி நின்றாளே, அதே நிற்பு. உன் காரணம் அன்பு, என் காரணம் வீம்பு, ஆனால் முடிவில் இரண்டுக்கும் ஒரே பலன்தான். அந்த ஐசியூ இடத்துக்கு நீ பெயர் கொடுக்காவிட்டால் வேறு யாரோ வாங்கிக்கொள்வார்கள். யாருக்கும் அது தண்டனையாக இருக்காது. ஸ்டெல்லாவுக்கு என்னைத் தெரியக்கூட இல்லையே.

அதனால்தான் இதை ஒட்டாத உறையில் வைக்கிறேன். நாளைக்கே உன் மேனேஜரிடம் போ. "எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை, விண்ணப்பமே அனுப்பவில்லை, என் அம்மா பொய் சொன்னார்" என்று சொல். சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவருக்குத் தமிழ் தெரியாது என்றால் கவிதாவைப் படித்துச் சொல்லச் சொல். டைனோசர் பகுதியை வேண்டுமானால் விட்டுவிடலாம். இந்த வாரத்துக்குள் விண்ணப்பத்தை அனுப்பு, பட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதே. முடிக்காமல் விண்ணப்பிப்பதில் ஒரு தப்பும் இல்லை, கிடைக்காமலே நன்றி சொன்னதுதான் தப்பு, அதை நான் செய்துவிட்டேன். ஆனால் அனுப்பிவிட்டோமே என்று அந்தக் கடைசி ஆராய்ச்சிப் பாடத்தைக் கோட்டை விட்டுவிடாதே. பட்டம் வராவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும். ஏன் இந்தத் துறைக்கு வருகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள் என்றாயே, அதில் என்னைப் பற்றி எழுதாதே. அவளைப் பற்றியும் வேண்டாம். கடைசி வரைக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே ஒருவர், அவரைப் பற்றி எழுது.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியதையும் செய்துவிட்டேன். மார்க்கெட்டிலிருந்து நேராகக் கோவில் அலுவலகத்துக்குப் போய், இந்த முறை வேண்டுதல் கட்டத்தில் குறி போட்டேன். "ஜெரோம் இன்னும் எங்கும் சேரவில்லை. போன முறை கொடுத்தது தவறு. அவன் விண்ணப்பம் நல்லபடியாகப் போக வேண்டுதல்" என்று எழுதினேன். நேற்றுச் சாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கருத்துகளை வாசித்தது யார் தெரியுமா? அவளேதான். கணீரென்று, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். பாதிக் கோவில் திரும்பி என்னைப் பார்த்தது. உன் அப்பா தரையைப் பார்த்தார். நான் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமாதானம் சொல்கிற நேரத்தில் அவள் திரும்பிக் கைகூப்பினாள். நான் கூப்பவில்லை. கண்ணீர் விட்டுக் கட்டிக்கொள்வதெல்லாம் நாடகத்தில் நடக்கும்.

அவளை நான் மன்னிக்கவில்லை, ஜெரோம். சாமியாரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை இன்னும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். பச்சைத் துணி, மேசை, தலைமாட்டில் நீ. ஆனால் இப்போது கொஞ்சம் மாற்றிவிட்டேன். பயத்தோடு அவள் தூங்கிப்போவதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை, தூங்குகிறவளுக்கு எதுதான் நினைவிருக்கும்? நீ அவளைப் பதமாகத் தூங்க வை. அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே. மூச்சு ஒவ்வொன்றையும் எண்ணு. முழுசாக, பத்திரமாக எழுப்பு. உனக்கு என் முகம், எல்லோரும் சொல்வார்கள். கண் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்த முகமாக இருக்கட்டும். அவள் பிளேன் ஏறி வர மாட்டாள் என்று நீ சிரிப்பாய், எனக்கும் தெரியும். வராவிட்டால் போகட்டும். அங்கே உன் மேசையில் படுக்கிற ஒவ்வொருவரும் யாரோ ஒருத்திக்கு ஸ்டெல்லாவாக இருந்திருப்பார்கள். ஒருவரையும் விட்டுவிடாதே, எல்லோரையும் எழுப்பு. தூங்கிக்கொண்டே தப்பித்துவிடக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, அந்தக் கஞ்சியை ஊட்டியது யார் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

அம்மா